ஹிமாலயன் 411: எஞ்சின் தாங்கும், கிரீஸ் காணாத இடம் தாங்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், குறைந்த விலையில் கிடைக்கும் அட்வென்ச்சர் பைக்குகளைப் பற்றி வந்த கட்டுரை ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐப் ‘பராமரிப்புச் செலவே இல்லாத வண்டி’ என்று எழுதியிருந்தது. இதே வண்டியைப் ‘பட்டறையை விட்டு வெளியே வராத வண்டி’ என்று திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சையும் நம்பி வாங்குகிறவர்களுக்கு நஷ்டம்தான். இந்த வண்டியில் எஞ்சின் கெட்டி. தொல்லை தருவது அதைச் சுற்றியுள்ள பேரிங், புஷ், சுவிட்ச், கனெக்டர் வகையறா. பெரும்பாலான கோளாறுகளைக் கொஞ்சம் கிரீஸ், ஒரு மல்டிமீட்டர், அரைநாள் பொறுமை இவற்றால் முன்கூட்டியே பிடித்துவிடலாம். 2023 இறுதியில் 450 சிசி ஹிமாலயன் வந்ததும் 411 நிறுத்தப்பட்டது. எனவே இன்று 411 வாங்குகிறவர் அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்குகிறார். அவருக்கு வேண்டியது புகழுரை அல்ல, எதைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்ற விவரம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். 2016 மார்ச்சில் சுமார் 1.55 லட்சம் ரூபாய் ஷோரூம் விலைக்கு வந்தபோது, முன்னால் 21 அங்குலச் சக்கரம், 200 மி.மீ. ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஷாக் கால்கள்) அசைவு, பின்னால் 180 மி.மீ. அசைவு, 220 மி.மீ. தரை இடைவெளி என்று இவ்வளவையும் அந்த விலையில் இந்தியாவில் வேறு யாரும் தரவில்லை. சேசிஸ், அதாவது வண்டியின் சட்டகம், இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. தயாரிப்பு நம் சென்னைக்கு அருகில். எஞ்சின் 411 சிசி, 78 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 86 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). ஸ்ட்ரோக் நீளமானதால் இழுவை குறைந்த சுற்றிலேயே கிடைக்கிறது. 24.5 குதிரைத்திறன் என்பது காகிதத்தில் சாதாரணம்தான். ஆனால் 32 நியூட்டன் மீட்டர் முறுக்கு நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளை ஒட்டியே வந்துவிடுவதால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரை மாற்றி மாற்றித் திணற வேண்டியதில்லை. டேங்க் 15 லிட்டர். நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டி வரும், ஆக ஒரு டேங்குக்கு 400 கிலோமீட்டர் தாராளம். சீட் உயரம் 800 மி.மீ. என்பதால் சராசரி உயரக்காரருக்கும் இரண்டு காலும் தரையில் படும். இந்த வகை வண்டிகளில் அது அரிது.

எதற்கு ஆகாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நான்குவழிச் சாலையில் மணிக்கு 90–100 கிலோமீட்டர் வரை சுகம். அதற்கு மேல் ஃபுட்ரெஸ்ட்டிலும் ஹாண்டில்பாரிலும் அதிர்வு ஏறும், முந்திச் செல்லவும் கையிருப்பு இழுவை இராது. பி.எஸ்.6 (2020-இல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியின் எடை 199 கிலோ. மணலில் விழுந்தால் தனி ஆளாகத் தூக்குவது கஷ்டம்.

இனி கோன் செட். ஹாண்டில்பார் திரும்புவதற்காக சேசிஸின் தலைக் குழாயில் மேலும் கீழுமாக உள்ள பேரிங்கைத்தான் பட்டறைகளில் அப்படிச் சொல்கிறோம். 411-இன் மிகப் பெயர்போன பலவீனம் இதுதான். கம்பெனி போட்டிருப்பது பால் பேரிங். நேர்ச்சாலையில் ஹாண்டில்பார் அதிகம் திரும்பாது. முன்சக்கரம் வாங்கும் ஒவ்வொரு அடியும் அதே பால்கள் வழியாக ரேஸின் (பால்கள் உருளும் வளையத்தின்) அதே புள்ளிகளில் இறங்கும். அங்கிருந்த கிரீஸ் நாளடைவில் பிதுங்கி வெளியேறிவிட, உலோகத்தோடு உலோகம் மோதிச் சின்னச் சின்னக் குழிகள் விழும். இதோடு வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை நேராக அந்த இடத்தில் பிடித்தால் மிச்சமிருந்த கிரீஸும் போய்த் துரு ஏறும். 10,000 கிலோமீட்டரில் போனதும் உண்டு, 30,000 வரை தாங்கியதும் உண்டு. எவ்வளவு கிரீஸோடு பூட்டப்பட்டது, எந்தச் சாலையில் ஓடியது என்பதைப் பொறுத்தது.

சோதிக்கும் முறை எளிது. மெயின் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினுக்கு அடியிலுள்ள தகட்டின் கீழ் மரக்கட்டையும் ஜாக்கியும் வைத்து முன்சக்கரம் தரையை விட்டு எழும்படி செய்யுங்கள். ஹாண்டில்பாரை ஒரு விரலால் மெல்ல இடம் வலம் தள்ளுங்கள். நடுவில் வந்ததும் ‘டக்’கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் ரேஸ் போய்விட்டது. பிறகு ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘கடக் கடக்’ என்றால் நட் லூஸ். ஓட்டும்போது தெரியும் அறிகுறிகளும் உண்டு. வண்டி நேராகப் போகாமல் லேசாகப் பாம்புபோல் நெளியும். முன்பிரேக் பிடித்தால் கைப்பிடியில் ஒரு தட்டல் வரும்.

பள்ளம் விழுந்த ரேஸை நட்டை முடுக்கிச் சரிசெய்ய முடியாது. இதைத்தான் பல இடங்களில் செய்து அனுப்புகிறார்கள். ஒரு வாரம் சரியாக இருப்பது போலிருக்கும், பிறகு பள்ளம் இன்னும் ஆழமாகும். நிரந்தரத் தீர்வு டேப்பர் ரோலர் பேரிங், அதாவது பாலுக்குப் பதில் ஒருபக்கம் கூம்பிய உருளைகள் உள்ள பேரிங். பால் ஒரு புள்ளியில் தாங்குகிறது என்றால் ரோலர் ஒரு கோட்டின் நீளத்துக்குத் தாங்கும், அதனால் அடி பரவிவிடும். முன்சக்கரம், மட்கார்டு, ஹாண்டில்பார், இரண்டு ஃபோர்க் கால்கள் எல்லாவற்றையும் இறக்கி, ஃபோர்க் கால்களைப் பிடித்திருக்கும் ‘டீ’ (T) வடிவப் பாகத்தைக் கீழே உருவ வேண்டும். பழைய ரேஸை எதிர்ப்பக்கத்திலிருந்து நீளமான பஞ்ச்சால் இடமும் வலமும் மாற்றி மாற்றித் தட்டி வெளியேற்ற வேண்டும். ஒரே பக்கம் தட்டினால் கோணலாகிக் குழாயைச் சுரண்டிவிடும். புது ரேஸை முந்தின இரவே ஃப்ரீசரில் போட்டு வைத்தால் சற்றுச் சுருங்கிச் சுலபமாக இறங்கும். இறக்குவதற்குப் பழைய ரேஸையே மேலே வைத்துத் தட்டலாம். கீழ் பேரிங்கை டீயின் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் படுகிற குழாயை வைத்து அழுத்த வேண்டும். ரோலர் கூட்டில் அடி பட்டால் புது பேரிங் அன்றைக்கே வீண். நல்ல வாட்டர் ரெசிஸ்டன்ட் கிரீஸை ரோலர்களுக்கு நடுவே உள்ளங்கையால் அழுத்தி ஏற்றுங்கள். மேலே தடவுவது மட்டும் போதாது.

முடுக்கும் அளவில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். முதலில் நன்றாக முடுக்கி, ஹாண்டில்பாரை முழுவதும் பலமுறை திருப்பிப் பேரிங்கை உட்கார வைத்து, பிறகு நட்டைத் தளர்த்தி, ஆட்டம் நின்றுபோகும் அளவுக்கு மட்டும் மீண்டும் பிடிக்க வேண்டும். முன்சக்கரம் தூக்கிய நிலையில், நடுவிலிருந்து லேசாகத் தொட்டால் ஹாண்டில்பார் தன் எடையிலேயே நிதானமாகப் பக்கவாட்டில் சாய வேண்டும். சாயாமல் நின்றால் அதிக இறுக்கம். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடியும் பார்ப்பது கட்டாயம், ஏனென்றால் புது ரேஸ் சற்றே இறங்கி உட்காரும்.

இதே கிரீஸ் கதை பின்பக்கத்திலும் உண்டு, ஆனால் யாரும் பேசுவதில்லை. மோனோஷாக்குக்கும் (பின்பக்க ஒற்றை ஷாக்) ஸ்விங் ஆர்முக்கும் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) நடுவிலுள்ள லிங்கேஜ், அதாவது இரண்டையும் இணைக்கும் மூட்டு, பின்டயர் வாரி அடிக்கும் சேற்றுக்கு நேர் எதிரில் இருக்கிறது. அதன் புஷ்களும் காலர்களும் காய்ந்துபோனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ‘கிரீச்’ என்ற சத்தம் வரும். பலர் ஷாக் போய்விட்டது என்று புது ஷாக்கே வாங்கிவிடுகிறார்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் அதிகம் ஓடினால் அதற்கும் முன்பே, லிங்கேஜ் போல்ட்டுகளை உருவிக் காலர்களைத் துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்தால் அந்தச் செலவு மிச்சம். கூடவே ஸ்விங் ஆர்ம் தண்டையும் உருவிப் பார்த்துவிடலாம். துரு பிடித்து இறுகிய பின் அதைக் கழற்றுவது சம்மட்டி வேலை.

எஞ்சின் பக்கம் இரண்டே விஷயங்கள். ஒன்று ஆயில். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பது இந்த எஞ்சின் வந்தபோது பெருமையாகச் சொல்லப்பட்ட இடைவெளி. சீரான வேகத்தில் நீளப் பயணம் போகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். சென்னை வெயிலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற, அல்லது புழுதிச் சாலையில் ஓடுகிற காற்று-ஆயில் குளிர்விப்பு எஞ்சினுக்கு 5,000 கிலோமீட்டரில் 15டபிள்யூ-50 ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதே நல்லது. அளவைச் சைடு ஸ்டாண்டில் பார்க்காதீர்கள். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, சில நிமிடம் கழித்து, மெயின் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி எஞ்சினின் வலப்பக்கம் ஆயில் அளவு தெரிகிற சின்னக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். முன்னாலுள்ள ஆயில் கூலரின் இதழ்களில் சேறு அடைந்திருந்தால் மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் கன் இதழ்களை மடக்கிவிடும்.

இன்னொன்று டாப்பெட், அதாவது வால்வுகளுக்கு விடும் இடைவெளி. இதில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் உள்ள பழைய முறைதான், ஷிம் (அளவுக்கேற்ற மெல்லிய தகடு) தேட வேண்டியதில்லை. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, அதாவது ஓர் இரவு நின்ற பிறகு, ஃபீலர் கேஜ் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்யலாம். டாப்பெட் சத்தத்தைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லேசான ‘டிக் டிக்’ ஆபத்தில்லை. சத்தமே இல்லாமல் போவதுதான் சந்தேகத்துக்குரியது. எக்ஸாஸ்ட் வால்வு இறுகிவிட்டால் சரியாக மூடாது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தயங்கும், சூடானதும் சிக்னலில் ஐடிலிங் நின்று அணையும், கடைசியில் வால்வு கருகும். வாடிக்கையாளர் சத்தம் என்று புகார் சொன்னதற்காக இடைவெளியை அளவுக்கும் கீழே குறைத்துக் கொடுக்கிற வழக்கத்தைப் பட்டறைக்காரர்கள் விட வேண்டும்.

ஐடிலிங்கில் அணைகிறது என்றதும் இ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றச் சொல்கிறவர்களிடம் உஷார். டாப்பெட்டுக்கு அடுத்து த்ராட்டில் பாடியில் (எஞ்சினுக்குப் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்) படிந்த கரி, அதற்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு, அடைபட்ட ஏர் ஃபில்டர், பிறகு சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். அந்தச் சுவிட்சில் தூசியும் ஈரமும் சேர்ந்தால், ஸ்டாண்ட் மேலே இருக்கும்போதே கீழே இருப்பதாக வண்டி எண்ணிக்கொண்டு மேட்டில் குலுங்கும்போது எஞ்சினை அணைத்துவிடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஸ்டாண்ட் போல்ட்டின் ஆட்டத்தைச் சரிசெய்தால் பல நேரம் முடிந்துவிடுகிற வேலை.

மின்சாரத்தில் மல்டிமீட்டர் இல்லாமல் பேசுவது வீண். எஞ்சின் அணைந்திருக்கும்போது பேட்டரி முனையில் 12.5 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. எஞ்சினை 3,000–4,000 சுற்றில் வைத்தால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் ஸ்டேட்டரிலோ (மின்சாரம் உண்டாக்கும் சுருள்) ரெகுலேட்டரிலோ (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) கோளாறு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, இன்னும் ஓட்டினால் பேட்டரியும் பல்புகளும் பின்தொடரும். எதையும் மாற்றுவதற்கு முன் ஸ்டேட்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவிலுள்ள வயர் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் அங்கேயே விடை இருக்கிறது. கூடுதல் லைட் போடுகிறவர்கள் ஹெட்லைட் வயரை வெட்டி ஒட்டாமல், பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸும் ரிலேயும் வைத்து எடுப்பதே முறை. மீட்டரில் பனி படிவதும், திசைகாட்டி வடக்கைக் கிழக்கென்று காட்டுவதும் எரிச்சல்தானே தவிர வண்டியை நிறுத்தாது.

பிரேக். 300 மி.மீ. டிஸ்க் இருந்தும் முன்பிரேக்கின் பிடி மந்தம் என்பது பொதுவான குறை. சின்டர்டு (உலோகப் பொடியால் ஆன) பேடும் ஸ்டீல் பின்னல் ஹோஸும் போட்டால் நல்ல மாற்றம் தெரியும். பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. இங்கே ஒரு தகவல்: 2020-இல் இங்கிலாந்து, ஐரோப்பா, தென்கொரியா நாடுகளில் ஹிமாலயனையும் 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகளையும் சேர்த்து சுமார் 15,200 வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்தது. பனிக்காலச் சாலையில் தூவும் உப்பு பிரேக் காலிப்பரில் படிந்து அரிப்பதுதான் காரணம். நம் ஊரில் பனியில்லை. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்று வருடம் முழுவதும் உண்டு. அவர்கள் ஒவ்வொரு முறை பேட் மாற்றும்போதும் பிஸ்டனை வெளித்தள்ளித் துடைத்து, ஸ்லைடு பின்னில் சிலிக்கான் கிரீஸ் வைத்துப் பூட்டச் சொல்ல வேண்டும். ஸ்போக் நிப்பிளும் சைலன்சர் போல்ட்டுகளும் அவர்களுக்குத்தான் முதலில் துருப்பிடிக்கும்.

411-இல் இரண்டு சக்கரமும் டியூப் உள்ளவை. 21 அங்குல டியூப் சின்ன ஊர்ப் பஞ்சர் கடைகளில் கிடைக்காது. நீளப் பயணத்துக்கு அதில் ஒன்றையாவது எடுத்துப் போங்கள். அவசரத்துக்குப் பின்பக்க 17 அங்குல டயருக்குள்ளும் அதை மடித்து வைத்து அடுத்த ஊர் வரை மெதுவாகப் போய்விடலாம். மூன்று டயர் லீவர், கைப்பம்பு, பின் ஆக்ஸில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் மூன்றும் இல்லாமல் டியூப் மட்டும் வைத்திருந்து பயனில்லை. செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மண்ணெண்ணெயில் துடைத்து ஆயில் விடுங்கள். பெட்ரோலில் கழுவினால் செயினுக்குள் கிரீஸைக் காக்கும் ஓ-ரிங் ரப்பர் கெடும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றியும் கேட்கிறார்கள். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டிகள் பொதுவாக இ20-ஐ மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜில் சில சதவீதம் போகும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் என்பதுதான். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் பாதி காலியான டேங்கில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும், பம்ப் ஃபில்டர் அடைபடும். நிறுத்தி வைப்பதானால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். பழைய பெட்ரோல் ஹோஸைத் தடவிப் பார்த்து, உப்பியோ வெடித்தோ இருந்தால் உடனே மாற்றுங்கள்.

பழைய வண்டி வாங்குவோருக்கு ஆண்டு முக்கியம். 2016-லும் 2017 தொடக்கத்திலும் வந்தவை கார்புரேட்டர் வைத்த பி.எஸ்.3. புகார்கள் அதிகம் இருந்த தொகுதி அது. மிகக் குறைந்த விலைக்கு வந்தாலொழிய வேண்டாம். 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 விற்பனையை உச்ச நீதிமன்றம் நிறுத்திய பிறகு, அதே ஆண்டின் பிற்பகுதியில் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனோடு பி.எஸ்.4 வந்தது. 2018-இல் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) சேர்ந்தது. 2020 பி.எஸ்.6-இல் பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைக்கும் வசதியும் ஹசார்டு லைட்டும் வந்தன. பட்ஜெட் இடம் கொடுத்தால் இதுவே நல்ல தேர்வு. எந்த ஆண்டானாலும் டேங்கின் முன்பக்கம் டார்ச் அடித்து, தலைக் குழாயைச் சுற்றிய வெல்டிங்கில் முடிபோன்ற கோடு, பெயின்ட் வெடிப்பு, புதிதாக அடித்த பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். மற்றபடி முன்சொன்ன கோன் செட் சோதனை, வோல்ட் சோதனை, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்ப்பது, ரிம்மைச் சுழற்றி நெளிசல் பார்ப்பது போதும். நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால் அன்று பார்க்காதீர்கள், மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள்.

உதிரிபாகங்களுக்கு இப்போதைக்குப் பஞ்சமில்லை. இதே கம்பெனியின் 2022-இல் வந்த ஸ்க்ராம் 411 பைக்கில் இருந்ததும் இதே எஞ்சின்தான். 2025-இல் வந்த ஸ்க்ராம் 440 அதையே 443 சிசி ஆக்கி வளர்த்தது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தேடினால் பேரிங், பேட், கேபிள் எல்லாம் கிடைக்கும். கவலை ஹிமாலயனுக்கு மட்டுமே உரிய மீட்டர், டேங்க், பக்கவாட்டுக் கம்பிச்சட்டம் போன்றவற்றில்தான். நிறுத்திவிட்ட மாடலுக்கு இவை எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கம்பெனி எழுத்துப்பூர்வமாகச் சொல்ல வேண்டும். கோன் செட்டையும் லிங்கேஜையும் கழற்றிக் கிரீஸ் வைப்பது, வாடிக்கையாளர் வாய் திறந்து கேட்டால் மட்டும் நடக்கிற வேலையாக இல்லாமல், 10,000 கிலோமீட்டர் சர்வீஸ் பில்லில் தனி வரியாக, கூலியோடு அச்சாகி வர வேண்டும். தங்கள் வாகனப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். புது மாடல் வரும் வாரத்தில் ஒரு முழுப்பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதே வண்டி 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு எந்தெந்தப் பாகம் மாற்ற நேர்ந்தது, அதற்கு எவ்வளவு ஆனது என்று கால்பக்கமாவது வெளியிடுங்கள். வாங்கப் போகிறவர்கள் வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பட்டறைக்காரர் ஒருவர்,
செங்கல்பட்டு.